நின்றால் குளிராத கார்

நாலாயிரத்து முன்னூற்று எழுபது ரூபாய்.

பட்டு வியாபாரி லோகநாதன், கார் ஏ.சி. மெக்கானிக் கிருபாகரனுக்குத் தரவேண்டிய பாக்கி அது.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம், மே மாதம். கத்திரி பிறந்து ஒன்பதாம் நாள். மத்தியானம் இரண்டு மணி.

ஆரணி கொசப்பாளையத்தில் தார் ரோடு இளகி சைக்கிள் டயரைப் பிடித்து இழுத்தது. தெருநாய்கள் சாக்கடைக்குள் இறங்கிப் படுத்துவிட்டன. அந்த வெயிலில் பெடலை மிதித்துக்கொண்டு போனான் கிருபாகரன்.

இது ஆறாவது நடை.

முந்தைய ஐந்து நடைக்கும் லோகநாதனிடமிருந்து ஒரே பதில்தான்.

"ஓடும்போது ஜில்லுன்னு வருது. நின்னா அடுப்பாட்டம் ஊதுது. நிக்கும்போதும் என்னைக்குக் குளிருதோ அன்னைக்கு வா. காச வாங்கிகினு போ."

"பழைய வண்டி முதலாளி. ஏ.சி. பின்னால மாட்டினது. முன்னாடி ஒரு வலை இருக்குதே, கண்டென்சரு... அதுக்குக் காத்து வேணும். வண்டி ஓடினா காத்து. நின்னா ஏது காத்து? நாப்பத்து மூணு டிகிரியில நிறுத்தி வெச்சிகினு குளிரு குளிருன்னா நான் எங்க போவேன்?"

"எங்கியோ போ. குளிர்ந்தப்புறம் வா."

ஷெட் வாடகை மூன்று மாதமாக நிற்கிறது. போக வேறு இடமில்லாமல்தான் மறுபடியும் இங்கேயே வந்திருந்தான்.

பின்பக்கக் கேட் திறந்திருந்தது. சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தான்.

வேப்பமரத்தடியில் அந்த வெள்ளைக் கார் நின்றிருந்தது. இன்ஜின் ஓடியது. நாலு கண்ணாடியும் ஏற்றியிருந்தது. டிரைவர் சீட்டைச் சாய்த்துப் போட்டு லோகநாதன் படுத்திருந்தார்.

கிருபாகரன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான்.

நின்ற வண்டியில் ஏ.சி. போட்டுக்கொண்டு தூங்குகிறார். இன்றைக்குப் பணம் நிச்சயம்.

கண்ணாடியைத் தட்டினான். அசைவில்லை. மறுபடி தட்டினான்.

"முதலாளி..."

கதவைத் திறந்தான்.

சில்லென்ற காற்று முகத்தில் அறைந்தது. சோடாக் கடை ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி. அதன் பின்னாலேயே ஒரு கரி நாற்றம்.

அதற்குப் பின்னால் லோகநாதன் வந்தார்.

தலை முதலில் சாய்ந்தது. பிறகு தோள். மொத்த உடம்பும் கிருபாகரனின் கைகளில் வந்து விழுந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. கன்னம் மட்டும் புதுப் பெண்ணுக்கு மாதிரி சிவந்திருந்தது.

கிருபாகரன் கத்தினான்.

முதலில் ஓடிவந்தவன் ஜெயக்குமார், லோகநாதனின் தம்பி. எதிரே இருபதடி தள்ளியிருந்த புடவை கோடவுனிலிருந்து வந்தான்.

"அண்ணா..." என்று அலறியவன், அடுத்த நொடியே கிருபாகரனைப் பார்த்தான்.

"நீ எப்ப வந்த?"

"இப்பத்தான்..."

"கதவ யாரு திறந்தது?"

"நான்தான்."

"எதுக்குத் திறந்த?"

கிருபாகரனின் வாயில் பதில் இருந்தது. ஆனால் அவன் கையில் பிணம் இருந்தது.

•

இன்ஸ்பெக்டர் பச்சையப்பன் காலருக்குள் கைக்குட்டை வைத்திருந்தார். கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கண் சிமிட்டாத மனிதர்.

"நேத்து இந்த வாசல்ல நின்னு சத்தம் போட்டியாமே?"

"ஆமா சார். பாக்கிக்காக."

"இன்னா சொன்ன?"

"ஏ.சி.யைக் கழட்டிகினு போயிடுவேன்னு சொன்னேன்."

"அவ்ளோதானா?"

ஜெயக்குமார் குறுக்கே வந்தான். "இல்ல சார். 'என் வயித்தெரிச்சல் உன்னைச் சும்மா விடாது'ன்னான். தெருவே கேட்டுது."

"சொன்னியா?"

"சொன்னேன் சார். எரிஞ்சுது, சொன்னேன்."

"மறுநாளே ஆளு காலி." பச்சையப்பன் காரைச் சுற்றி வந்தார். "ஏ.சி.ல இன்னா கேஸ் அடைச்ச?"

"எல்லாரும் அடைக்கற கேஸ்தான் சார்."

"அது லீக்காயி மூச்சு நின்னுடுச்சுன்னு இவர் சொல்றாரு."

"லீக்கானா ஏ.சி. குளிராது சார். நான் கதவத் திறந்தப்போ உள்ள ஐஸாட்டம் இருந்துது. கேஸ் குழாய்க்குள்ளேயே இருந்தாத்தான் குளிரும்."

பச்சையப்பன் அதை யோசித்தார். தலையை லேசாக ஆட்டினார். கிருபாகரனுக்கு உயிர் வந்தது.

நாலு மணிக்கு லோகநாதனின் மனைவி கமலம் வந்தாள். காலையிலேயே தேவிகாபுரம் கோயிலுக்குப் போனவள். ஆட்டோவை விட்டு இறங்கும்போது கையில் விபூதிப் பொட்டலம் இருந்தது. கூட்டத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் பேசிய முதல் பேச்சு கிருபாகரனைப் பற்றித்தான்.

"அந்த ஆள விட்டுடுங்க சார். கூலிக்கு வேலை செய்யறவரு. அவரு இன்னா பண்ணுவாரு?"

கிருபாகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வீட்டில் அவனுக்காகப் பேச ஒரு வாயாவது இருக்கிறது.

ஆனால் வந்த உயிர் சாயங்காலமே போய்விட்டது. பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். ஏ.சி. கேஸ் இல்லை. இன்ஜின் புகை. மூடின காருக்குள் புகை புகுந்து ஆளைக் கொன்றிருக்கிறது.

பச்சையப்பன் டார்ச்சோடு காருக்குள் தலையை விட்டார். டேஷ்போர்டுக்கு அடியில், இன்ஜினுக்கும் உள்ளுக்கும் நடுவே இருக்கும் தகட்டில் எதையோ தடவினார்.

அவருடைய கட்டைவிரல் உள்ளே போனது.

"இது யாரு போட்ட ஓட்டை?"

"நான்தான் சார்... ஏ.சி. பைப்பு போறதுக்கு. பைப்பச் சுத்தி ரப்பர் புஷ் வெச்சு அடைச்சிருக்கேன்."

"எங்க வெச்ச?"

கிருபாகரன் குனிந்து பார்த்தான்.

புஷ் இல்லை.

பானெட்டைத் திறந்தார்கள். சைலன்சர் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் ஒரு நட்டு ஆடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கரி. புகை அங்கே கசிந்து, ஓட்டை வழியாக உள்ளே போயிருக்கிறது.

"அந்த ஜாயிண்ட்ட நான் தொடவே இல்ல சார். புஷ்ஷ மாட்டினேன். என் பொண்டாட்டி மேல சத்தியமா மாட்டினேன்."

"உன் ஓட்டை. உன் புஷ்." பச்சையப்பன் டார்ச்சை அணைத்தார். "அஜாக்கிரதையா வேலை செஞ்சு ஆளக் கொன்னா ரெண்டு வருஷம். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியப் பார்த்து ரிப்போர்ட் குடுக்க மூணு நாள் ஆகும். நாலாம் நாள் காலைல ஸ்டேஷனுக்கு வந்துடு. மாத்துத் துணியோட வா."

"சார்..."

"உள்ள ஏ.சி. கிடையாது. இப்பவே சொல்லிட்டேன்."

•

ஜெபராணி சோற்றைப் போட்டு வைத்தாள். கிருபாகரன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாப்பிடு. ஜெயிலுக்குப் போறதுன்னாலும் சாப்பிட்டுத்தான் போகணும்."

"புஷ்ஷ நான் மாட்டினேன்டி."

"மாட்டினேன்னு சொன்னா போதுமா? காட்டணும்."

"யாரோ புடுங்கியிருக்காங்க."

"யாரு? தம்பிக்காரனா?"

"அவன்தான் இருக்கணும். பங்கு பிரிக்கறதுல அண்ணன் தம்பிக்கு ஆகாது. கூப்பிடு தூரத்துலதான் உக்காந்திருந்தான். நான் கதவத் திறந்ததும் ஓடிவரான். அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் அண்ணன் அங்க செத்துகினு இருந்தது மட்டும் தெரியலியாம்."

"போலீசுகிட்ட சொல்லேன்."

"சந்தேகம்னு சொல்லலாம். அதுக்கு மேல இன்னா இருக்குது என் கையில?"

ஜெபராணி விசிறியை எடுத்தாள். அந்த ஓட்டு வீட்டில் விசிறினாலும் வெந்நீர்க் காற்றுதான்.

"அந்தாளு குடுத்து வெச்சவரு," என்றாள். "ஜில்லுன்னு படுத்துகினே போய்ட்டாரு."

கிருபாகரன் நிமிர்ந்தான்.

"இன்னா சொன்ன?"

"ஏ.சி.ல போய்ட்டாருன்னேன்."

"ஜில்லுன்னு இருந்துது..." அவன் மெதுவாகச் சொன்னான். "ஆமாடி. கதவத் திறந்ததும் மூஞ்சில அடிச்சுது."

"ஏ.சி. போட்டா ஜில்லுன்னுதானே இருக்கும்?"

"அந்த வண்டியில நின்னா வராதுடி. அது வராமத்தானே மூணு வாரமா நம்ம காசும் வராம கெடக்குது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நின்றால் குளிராத கார்... இன்றைக்கு எப்படிக் குளிர்ந்தது?

•

மறுநாள் பன்னிரண்டரை மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நின்றான். கார் அங்கே ஒரு வேப்பமரத்தடியில் இருந்தது.

"நாலாம் நாள்தானே வரச் சொன்னேன்," என்றார் பச்சையப்பன். "உள்ள போக அவ்ளோ அவசரமா?"

"சார், ஒரு பத்து நிமிஷம் இந்த வண்டியில என்னோட உக்காரணும்."

"எதுக்கு? என்னையும் அனுப்பி வெக்கவா?"

"நட்ட முடுக்கிடறேன், ஏட்டு பார்த்துகினு இருக்கட்டும் சார். ஓட்டையில துணி அடைச்சிடறேன். ஏ.சி.யைப் போடறேன். கண்ணாடிய ஏத்திகினு சும்மா உக்காருங்க. என் உயிரு அதுல இருக்குது."

பச்சையப்பன் கண் சிமிட்டாமல் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எழுந்தார்.

இன்ஜின் ஓடியது. ஏ.சி. முழு வேகத்தில் ஊதியது.

இரண்டாம் நிமிஷம் காற்று சுமாராக வந்தது.

நாலாம் நிமிஷம் இதமாக இருந்தது... வெந்நீர் எவ்வளவு இதமோ அவ்வளவு.

ஆறாம் நிமிஷம் முன்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம்.

"இன்னாய்யா அது?"

"கம்ப்ரஸரு சார். சூடு தாங்காம அதுவா நின்னுக்குது. இனிமே வெறும் காத்துதான்."

எட்டாம் நிமிஷம் இன்ஸ்பெக்டரின் காக்கிச் சட்டை கறுப்பாகிவிட்டது. கைக்குட்டையைப் பிழிந்தார். ஒன்பதாம் நிமிஷம் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வெளியே போய் விழாத குறையாக நின்றார்.

"இதுல எவன்யா தூங்குவான்?"

"அதத்தான் சார் நானும் கேக்கறேன்."

பச்சையப்பன் திரும்பினார்.

"இது குளிரலன்னுதான் முதலாளி என் பணத்த நிறுத்தி வெச்சிருந்தாரு. அவரு கண்ணாடிய ஏத்திகினு உக்கார்ற ஆளே இல்ல. ஆனா அன்னைக்கி உக்காந்தாரு. ஏன்னா, அன்னைக்கி குளிர்ந்துது. யாரோ குளிர வெச்சிருக்காங்க."

"எப்படி?"

கிருபாகரன் காரின் மூக்குக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கண்டென்சர் வலையின் தகடுகளுக்கு நடுவிலிருந்து எதையோ நகத்தால் உருவினான்.

பழுப்பு நிறத்தில் ஒரு நார். இன்னொன்று. வலை பூராவும் அந்த நார்தான்.

"சணலு சார். அன்னைக்கி வண்டி மூக்குக்குக் கீழ தரை சொதசொதன்னு இருந்துது. அப்ப மனசுல ஏறல."

"ஏ.சி.ன்னா தண்ணி சொட்டும்ல?"

"சொட்டும். அது உள்ள இருக்கற பெட்டித் தண்ணி. டயருக்குப் பின்னால சொட்டும். மூக்குல ஈரத்துக்கு வேலையே இல்ல. ஈரச் சாக்கு சார். நனைச்சு இந்த வலை மேல தொங்க விட்டிருக்காங்க. உள்ள போற காத்து சாக்கு வழியா குளிர்ந்து போவுது. வலை ஆறுது. ஏ.சி. குளிருது."

"தறி வீட்டு ஜன்னல்ல தொங்க விடறாப்பல," என்றார் பச்சையப்பன் மெதுவாக.

"அதேதான். அனல் காத்து பட்டா பாவுல பட்டு நூல் பட்டு பட்டுன்னு அறுந்துபோகும்னு தொங்க விடுவாங்களே, அதே வேலை. வண்டி தெரிஞ்சவன் ரேடியேட்டர் மூஞ்சில சாக்கப் போட மாட்டான், இன்ஜின் கொதிச்சிடும்னு பயப்படுவான். இது தறி தெரிஞ்ச கை. நான் போறப்போ சாக்கு இல்ல, ஆனா உள்ள ஜில்லுன்னு இருந்துது. அப்படின்னா சாக்க எடுத்து அஞ்சு நிமிஷம்கூட ஆகல."

பச்சையப்பன் அந்த நாரை வாங்கி விரலில் சுற்றினார்.

"பேஜார் புடிச்சவன்யா நீ. ஒரு அஜாக்கிரதைக் கேஸ அழகா கட்டி வெச்சிருந்தேன். கொலையாக்கிட்டியே."

•

ஜெயக்குமாரைக் கூட்டிவந்தார்கள். அவனிடம் பயத்தைவிட எகத்தாளம் அதிகமாக இருந்தது.

"சாக்கா? ஆரணில எந்தத் தறி வீட்ல சார் ஈரச் சாக்கு இல்ல? முள்ளிப்பட்டு பூரா தொங்குது. ஊரையே புடிச்சு உள்ள வெப்பீங்களா?"

"ஊரு அந்த கோடவுன்ல உக்காந்திருக்கல. நீ உக்காந்திருந்த."

"புடவை எண்ணிகினு இருந்தேன்."

"யாரு பார்த்தது?"

"புடவைங்க பார்த்துச்சு."

"அண்ணன் போனா கடை யாருக்கு?"

ஜெயக்குமாரின் எகத்தாளம் கொஞ்சம் வாடியது. "எனக்குப் பாதி. அண்ணிக்குப் பாதி. அண்ணிக்குக் கணக்கு வழக்கு தெரியாது, நான்தான் பார்க்கணும். அதுக்காக அண்ணனக் கொல்லுவனா?"

"அதுக்காகத்தான்யா எல்லாரும் கொல்றாங்க."

அவனைத் திருப்பி அனுப்பிவிட்டு, பச்சையப்பன் கிருபாகரனிடம் சொன்னார்:

"எனக்கும் அவன் மேலதான் சந்தேகம். ஆனா சந்தேகத்த கோர்ட்ல நிறுத்த முடியாது. சாக்கு எல்லார் வீட்லயும் இருக்குது. ஓட்டை உன்னோடது மட்டும்தான் இருக்குது. சாட்சி கெடைச்சா பார்க்கலாம். கெடைக்கலன்னா..."

"மாத்துத் துணியோட வரேன் சார்."

"ஜமக்காளமும் எடுத்துக்க. கொசு ஜாஸ்தி."

•

மூன்றாம் நாள் காலையில் லோகநாதன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. கமலம் கூப்பிடுகிறாள், பில்லை எடுத்துக்கொண்டு வா என்று.

"போ," என்றாள் ஜெபராணி. "செத்தவங்க கடன காரியத்துக்கு முன்னாடி தீர்க்கறது அவங்க வழக்கம். கடனோட போனா ஆத்மா வாசல்லயே நிக்குமாம். குடுத்தா வாங்கிக்க. குடுக்கலன்னா வாயத் திறக்காத, சாவு வீடு."

கூடத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சாயக்காரர், ஜரிகைக்காரர், மளிகைக்காரர். கமலம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மடியிலிருந்த பையிலிருந்து எண்ணிக் கொடுத்தாள். யாருக்கும் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. கணக்குத் தெரியாத கை மாதிரி அது இல்லை.

கடைசியாகக் கிருபாகரன்.

"எவ்ளோப்பா?"

"நாலாயிரத்து முன்னூத்தி எழுபதுக்கா. நீங்க பார்த்து..."

"பார்த்து இன்னா? உழைச்ச காசு. குறைச்சா எனக்குத்தான் பாவம்."

எண்ணினாள். நூறு ரூபாய்த் தாள்கள். கடைசியில் ஏழு பத்து ரூபாய். அவனிடம் நீட்டினாள்.

"போலீசு உன்னைப் போட்டுப் படுத்துதாமே. நெனைச்சா தூக்கம் வரல. உன் வேலையில ஒரு குறையும் இல்லப்பா. அவருதான் வீம்புக்கு நிறுத்தி வெச்சாரு. வண்டி நின்னாக்கூட ஜில்லுன்னு வந்துச்சு. நான் எங்க வேணாலும் சொல்லுவேன்."

கிருபாகரன் எண்ணிக்கொண்டிருந்தான்.

முப்பத்தாறு... முப்பத்தேழு...

விரல் நின்றது.

கூடத்து மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றியது. அவன் முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது. நிமிரவில்லை. நிமிர்ந்தால் அவன் முகத்தை அவள் படித்துவிடுவாள்.

முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது...

எண்ணி முடித்தான். பில்லை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"அக்கா... வேலை முடிஞ்சா பில்லுக்குப் பின்னால கஸ்டமர்கிட்ட ரெண்டு வரி எழுதி வாங்கறது என் வழக்கம். அடுத்தவங்களுக்குக் காட்டறதுக்கு. முதலாளி கடைசி வரைக்கும் எழுதித் தரல. நீங்க எழுதிக் குடுத்தா..."

"இன்னான்னு எழுத?"

"இப்பச் சொன்னீங்களே. அதையே எழுதுங்க."

கமலம் பேனாவை வாங்கினாள். மணிமணியான எழுத்து.

'ஏ.சி. நின்ற நிலையிலும் நன்றாகக் குளிர்ந்தது. பாக்கி தீர்ந்தது.'

கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள்.

"பொழைச்சுப் போ," என்றாள்.

"வரேங்க்கா," என்று சொல்ல வாயெடுத்தவன், சாவு வீடு என்பது ஞாபகம் வந்து சொல்லாமல் வெளியே வந்தான். சைக்கிளை ஸ்டேஷன் பக்கம் திருப்பினான்.

•

பச்சையப்பன் பில்லை மூன்று முறை படித்தார்.

"நல்ல சர்டிபிகேட்தான்யா. கண்ணாடி போட்டு மாட்டிக்க. எங்கிட்ட எதுக்குக் கொண்டாந்த?"

"சார், செத்ததுக்கு முந்தின நாள் வரைக்கும் அந்த வண்டி நின்னா குளிரல. தெருவே கேக்க அதுக்குத்தான் சண்டை. மறுநாள் உங்க சட்டை நனைஞ்சப்பவும் குளிரல. ஏ.சி. மாட்டினதிலேர்ந்து நின்னு குளிர்ந்தது ஒரே ஒரு மத்தியானம்தான். சாக்கு தொங்கின மத்தியானம். அந்தக் குளுர நேர்ல அனுபவிச்சது மூணே பேருதான். ஒண்ணு, செத்துப்போன முதலாளி. ரெண்டு, கதவத் திறந்த நான்."

பச்சையப்பனின் கண்கள் முதல்முறையாகச் சிமிட்டின.

"மூணாவது?"

"கையெழுத்துப் போட்டிருக்காங்க சார்."

பச்சையப்பன் எழுந்தார். தொப்பியை எடுத்தவர் அப்படியே நின்றார்.

"தேவிகாபுரம் கோயில் மத்தியானம் நடை சாத்திடுவாங்கல்ல?"

"பன்னண்டுக்கே சாத்திடுவாங்க சார். அங்கேர்ந்து பஸ்ல ஒரு மணி நேரம். இந்தம்மா நாலு மணிக்கு வந்தாங்க."

"மூணு நாளா அந்தம்மா குடுத்த விபூதியப் பூசிகினு திரியறேன்யா நான்," என்றார் பச்சையப்பன்.

•

கமலம் மறுக்கத்தான் பார்த்தாள்.

"ஏழை மனசு நோகக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அது தப்பா?"

"தப்பில்லம்மா. பன்னண்டு மணியிலேர்ந்து பூட்டின கோயில் வாசல்ல இன்னா பண்ணிங்க?"

"மர நிழல்ல..."

"எந்த மரம்?"

பச்சையப்பன் ஒரு அடி முன்னால் வந்தார்.

"விபூதி யாரு குடுத்தது? குருக்கள் பேரு? எந்த பஸ்ல வந்தீங்க? கண்டக்டரக் கூட்டியாந்து நிறுத்தட்டுமா?"

கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகு தெரிந்த முகம் வேறாக இருந்தது.

"விபூதி பக்கத்து வீட்டுக்காரி முந்தின நாளே குடுத்தது," என்றாள். "கோயிலுக்குப் போகல. கோடவுனுக்குப் பின்னாலதான் இருந்தேன்."

ஜெயக்குமார் தூணைப் பிடித்துக்கொண்டான். "அண்ணி..."

"நீ கம்முனு இருடா. அந்தக் காரு எந்தக் காசு தெரியுமா சார்? முள்ளிப்பட்டுல எங்கப்பா வீட்டு எட்டுத் தறி. எங்கப்பா செத்த மறுமாசம் எங்கம்மாகிட்ட ரேகை வாங்கி எட்டையும் வித்தாரு. அந்தக் காசுல காரு. எங்கம்மா இன்னைக்கி அந்தத் தறி வாங்கினவன் வீட்டுலயே கூலிக்கு நூல் சுத்தறா. எழுபது வயசு. போன வாரம் வெயில்ல மயங்கி விழுந்துட்டா. காரை அனுப்புங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு வரலாம்னேன். 'கிழவி வேர்வை சீட்டுல ஒட்டும்'னாரு."

கமலம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தொடர்ந்தாள்.

"அன்னைக்கி சாப்பிட்டு எழுந்து வந்தாரு. 'கோயிலுக்குப் போகலியா'ன்னாரு. பஸ்ஸு போயிடுச்சுங்க, ஆனா ஏ.சி. இப்ப நின்னாலும் குளிருது வந்து பாருங்கன்னேன். உக்காந்தாரு. 'அட'ன்னாரு. அவ்ளோதான் பேசினாரு. அப்புறம் கண்ணு சொக்கிடுச்சு. சாக்கு காயக் காய நான் தண்ணி தெளிச்சிகினு இருந்தேன். கேட்டுல சைக்கிள் மணி கேட்டுது, சாக்க எடுத்துகினு பின்னால போய்ட்டேன். அப்புறம் ரோட்டுக்குப் போயி ஆட்டோ புடிச்சு வந்தேன்."

"அந்த சைலன்சர் நட்டு?" என்றார் பச்சையப்பன்.

"அத நான் தொடல. ரெண்டு மாசமா ஆடிகினுதான் இருந்துது. டிரைவரு அறுபது ரூபா கேட்டான் சரி பண்ண. அதையும் குடுக்காம நிறுத்தி வெச்சாரு. ரப்பர மட்டும்தான் நான் புடுங்கினேன்."

"ரப்பரப் பத்தி உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

கமலம் கிருபாகரனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"இதோ இவருதான். மாட்டறப்போ மோர் கொண்டாந்து குடுத்தேன். 'இந்த ரப்பர் போச்சுன்னா புகை உள்ள வந்துடும், ஜாக்கிரதைக்கா'ன்னு நல்ல மனசோட சொன்னாரு. உன் தலையில விடியும்னு நான் நெனைக்கலப்பா. தானா செத்தாருன்னு போயிடும்னு நெனைச்சேன். உன்னைப் புடிச்சதும் தாங்கல. அதான் முழுசா குடுத்தேன், நாலு வார்த்தை நல்லதா எழுதியும் குடுத்தேன்."

கிருபாகரனின் சட்டைப் பையில் அந்தப் பணம் நெருப்புத் துண்டு மாதிரி இருந்தது.

கமலம் தானே போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

•

ஸ்டேஷனில் ஏட்டு ஒரு காக்கிக் கவரை நீட்டினார்.

"அந்தப் பணத்த இதுல போடு."

"எந்தப் பணம்?"

"அந்தம்மா குடுத்தது. பில்லும் பணமும் சேர்ந்துதான் சாட்சி," என்றார் பச்சையப்பன். "நம்பர் எழுதி, அரக்கு வெச்சு, கோர்ட்டுக்குப் போகணும்."

"எப்ப சார் திரும்பி வரும்?"

"கேஸ் முடிஞ்சதும்."

"எப்ப முடியும்?"

ஏட்டு சிரித்தார். பச்சையப்பன் சிரிக்கவில்லை. அதிலிருந்தே கிருபாகரனுக்குப் புரிந்துவிட்டது.

நாலாயிரத்து முன்னூற்று எழுபதையும் எண்ணிக் கவரில் போட்டான். மேல் பாக்கெட்டிலிருந்து பாக்கிக் கணக்கு நோட்டை எடுத்தான். லோகநாதன் பெயர் இருந்த வரியைத் தேடி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு கோடு இழுத்தான். எழுதிக் கொடுத்துவிட்டாள், பாக்கி தீர்ந்தது. காசு வராததெல்லாம் ஒரு கணக்கா? ஜெயிலுக்குப் போகாமல் வீட்டுக்குப் போகிறான். மாற்றுத் துணி மடித்தபடியே இருக்கிறது.

வாசல்படி இறங்கும்போது பச்சையப்பன் கூப்பிட்டார்.

"யோவ் கிருபா... திருவண்ணாமலையில நம்ம பெரிய ஐயா கார்ல ஏ.சி. சரியில்லயாம். நல்ல மெக்கானிக் வேணும்னாரு. நீ போய்ப் பாரு."

"பார்க்கறேன் சார். காசு?"

"இப்ப வேலையச் செய். மாசக் கடைசில தருவாரு."

கிருபாகரன் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினான்.

"வேணாம் சார். ரொக்கமாவே குடுத்துடச் சொல்லுங்க. எனக்குப் பாக்கி வெக்கறவங்களுக்கு ஆயுசு கெட்டி இல்ல."